டிராம் கோட்டில் போன கணக்குப் பரீட்சை

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை மூடியதும் என் தங்கை யாகோடா கோட்டின் உள்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். டிப்போ கொடுத்த போன் அதில் இருக்கும். போலந்தின் போஸ்னான் நகரில் அவள் டிராம் ஓட்டுகிறாள். அதே டிப்போவில் நான் வண்டி கழுவுகிறேன். அவள் வண்டியில் வேலைக்கு வரும்போதெல்லாம் அந்தக் கை போவதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

பள்ளி முடிக்கும்போது கணக்குக்குப் பயந்து இரண்டு தாள்களில் சாதாரணத் தாளை மட்டும் எழுதினாள். பொறியியல் கல்லூரியிலோ கடினத் தாளின் மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள். முப்பது தாண்டிய பிறகு அதை எழுதத் துணிந்தாள். உடன் ஓட்டும் ஸ்பிஷெக் கிண்டலை விடவில்லை.

“என்ன எஞ்சினியரம்மா, பிரேக் போடறதுக்கும் இனி சூத்திரம் வேணுமா?”

“உன்னை ஏத்தாம போறதுக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்,” என்றாள். ஆனால் வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மே மாதம் பரீட்சை. எல்லோரும் வெள்ளைச் சட்டையும் கறுப்பு கோட்டுமாகத்தான் போவார்கள். அவளிடம் இருந்த ஒரே கறுப்பு கோட், முந்தின நாள் வேலைக்குப் போட்ட டிராம் கோட். டிப்போ வில்லையை மட்டும் கழற்றிவிட்டு அதையே மாட்டிக்கொண்டாள். போனோடு உள்ளே போனால் தாள் செல்லாது என்பதால், பள்ளி வாசலில் தன் போனை என்னிடம் தந்தாள்.

“அக்கா, சூத்திரமெல்லாம் மறந்துபோச்சு.”

“பேனாவைப் பிடிச்சா வந்துரும். போ.”

உள்ளே நடந்ததைப் பிறகு சொன்னாள். இரண்டாவது கணக்கை முடித்ததும் பழக்கத்தில் கை உள்பாக்கெட்டுக்குப் போயிருக்கிறது. டிப்போ போன் அங்கேயே இருந்தது. எந்தப் பாதையில் தடை வந்தாலும் எல்லா ஓட்டுநர் போனும் சேர்ந்து அலறும். எடுத்து அணைத்தாலும், எழுந்து சொன்னாலும் தாள் போகும். அடுத்த கணக்கு கண்ணில் ஏறவில்லை. தெருவில் டிராம் மணி கேட்கும்போதெல்லாம் பாக்கெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் ஒரு பள்ளிப்பெண் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது அது அலறினால் அந்தப் பெண்ணும் குழம்பிவிடுவாள் என்று பட்டது. யாகோடா கையைத் தூக்கினாள்.

வெளியே வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

“எல்லாம் தெரிஞ்ச கணக்குக்கா.”

“பேசாம இருந்திருக்கலாமே. அடிக்காமலே போயிருக்கும்.”

“அடிச்சிருமோ, அடிச்சிருமோன்னு உக்காரவே முடியல.”

அந்தத் தாளை ரத்து செய்துவிட்டார்கள். இப்போது ஜனவரி. அவள் இன்னும் டிராம்தான் ஓட்டுகிறாள். வரும் மே மாதப் பரீட்சைக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறாள். சரியாகத் தூங்குவதில்லை.