சிராஜுதீனின் பிரேக் கால்

மேலப்பாளையத்தில் சிராஜுதீன் ஆட்டோ என்றால் பிள்ளைத்தாய்ச்சிகள்கூட நம்பி ஏறுவார்கள். பள்ளம் மேடு உடம்புக்குத் தெரியாது, அப்படி ஒரு பிரேக் கால்! அந்தக் கால்தான் போன ரமலான் முடிந்த மறுவாரம் விழுந்தது. பக்கவாதம். கையும் பேச்சும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டன. வலது கால் மட்டும் யாருடைய காலோ போலத் தொங்கியது.

“பிரேக் இல்லாத ஆட்டோவ எவன் ரோட்டுல விடுவான்?” என்று மனைவி ஷம்ஸியாவிடம் புலம்புவார். இருபத்தாறு வருஷம் ஓட்டிய மனுஷன். மறுபடி ஓட்ட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு. வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட் பெர்சிஸ் எடை பார்க்கும் மிஷினை அவர் காலடியில் வைப்பார். “பைய அழுத்துங்க அண்ணாச்சி. முள்ளு அஞ்சு கிலோவுக்கு வரட்டும்.” சிராஜுதீன் பல்லைக் கடிப்பார், நெற்றி வியர்க்கும், முள் அசையாது. வாரம் மூன்று நாளாக ஆறு வாரம் இதே கதை. “கழுத காலு! சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதே!” என்று ஒருநாள் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டார். பெர்சிஸ்தான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

அன்று ஷம்ஸியாவோடு திரும்பும்போது டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டு கிடைத்தது. வழியில் ஒரு மாடு குறுக்கே புகுந்தது. “ஏலே, பிரேக்க அமுக்குலே!” என்று சிராஜுதீன் கத்த, பஸ் குலுங்கி நின்றது. எல்லோரும் மாட்டைப் பார்த்தார்கள். ஷம்ஸியா மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான்! உங்க காலு!”

“காலுக்கு என்ன?”

“அமுக்குச்சு! செருப்பு தரையில அழுந்துனத என் ரெண்டு கண்ணால பாத்தேன்!”

ஆட்டோக்காரர்களைப் பயணியாக உட்காரவைத்தால் இதுதான் கூத்து. ஓட்டுவது எவனோ, இவர்கள் கால் பாட்டுக்குத் தரையில் பிரேக் போடும். அந்தப் பழக்கம் சாகாமல் இருந்திருக்கிறதே, அல்லாஹ்வே! அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி, எதிர்ப் பஸ்ஸைப் பிடித்து, இருவரும் பாளையங்கோட்டைக்கே திரும்பிவிட்டார்கள்.

கேட்டதும் பெர்சிஸ் துள்ளிக் குதித்தார். “நான் சொன்னா வராதது, மாட்டப் பாத்தா வருதா! அண்ணாச்சி, உங்க காலு ரோட்ட மறக்கல. இனி ரோட்டையே இங்கன கொண்டாந்துருவோம்.”

ஷம்ஸியாதான் ரோடு. எதிரே நின்று குரல் கொடுப்பாள்: “ஸ்கூல் பிள்ள ஓடி வருது! இந்தா, ஸ்பீடு பிரேக்கர், பைய!” முள் துடித்தது. அடேயப்பா, அன்றைக்கு அந்த அறையில் போட்ட சத்தம்! ஆனால் அடங்காத கால் அது. பிள்ளை வந்தாலும் முப்பது கிலோ, எலி வந்தாலும் முப்பது கிலோ. அமுக்கியதை விடவும் தெரியவில்லை. அளந்து அமுக்கவும் அளந்து விடவும் இன்னும் மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் பயிற்சிக்கு வரும் மற்றவர்களும் “அண்ணாச்சி, லாரி!” என்று கத்தப் பழகிவிட்டார்கள்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, பெருநாள் தொழுகை நடக்கும் ஈத்கா மைதானத்துக்கு ஆட்டோ வந்தது. பெர்சிஸ் ஓரமாக நின்றார். ஷம்ஸியா செம்பு நிறையத் தண்ணீரோடு பின்சீட்டில் ஏறினாள்.

“இது சிந்துச்சோ, சாவிய வாங்கிருவேன். பெறவு கேக்கப்படாது.”

முதல் சுற்றில் நிறுத்தினார், தண்ணீர் விளிம்பைத் தாண்டவில்லை. இரண்டாவதிலும் தாண்டவில்லை. சிராஜுதீனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மூன்றாவது சுற்றில் மதிலோரத்திலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி சடாரென்று பாய்ந்தது. யாரும் கத்தவில்லை, கத்த நேரமில்லை. ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. செம்புத் தண்ணீர் அத்தனையும் ஷம்ஸியாவின் சேலையில்.

சிராஜுதீன் திரும்பிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. எஞ்சினை அணைத்து, சாவியை உருவி நீட்டினார்.

“சிந்திட்டு, ஷம்ஸி.”

அவள் கையை நீட்டவில்லை. முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஆட்டோவையே முறைத்துக்கொண்டு நின்ற குட்டியைக் காட்டினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

“அது உசுரோட நிக்குது பாருங்க மச்சான். சாவியப் போடுங்க. வீட்டுக்கு நீங்கதான் ஓட்டுதிய.”