துருத்திகளைப் பூட்டி வைத்த சங்கம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் வாவியின் மேற்குக் கரைக் கொல்லர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தவன் நான்தான். வேறு எவனுக்கும் அந்த நெஞ்சு கிடையாது. மட்டக்களப்புக்கு ரயில் வந்து சில வருடங்கள் இருக்கும். வயல்காரப் போடிமாருக்குக் கதிர் அறுக்கும் தாக்கத்தி அடித்துக் கொடுப்போம். அறுவடை முடிந்ததும் களத்தில் நெல் அள்ளித் தருவார்கள். கரியும் இரும்பும் விலை ஏறின, அள்ளுகிற கை தாராளமாகவில்லை. நெல்லைக் கூட்டாவிட்டால் தாக்கத்தி இல்லை என்று தீர்மானம் போட்டேன்.

எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். போடியார் வாசலில் வந்து சிரித்தால் உலையை மூட்டிவிடுவார்கள். அதற்கு நான் கண்ட வழி எந்த வக்கீலுக்கும் தோன்றாது. எல்லாரும் துருத்தியைக் கழற்றிவந்து சங்கக் கொட்டிலில் வைத்துப் பூட்ட வேண்டும். காற்று இல்லாமல் எவன் இரும்பு காய்ச்சுவான்?

எங்களில் மூத்த கொல்லர் மட்டும் துருத்தியைத் தோளில் சுமந்தபடி வாசலிலேயே நின்றார்.

"தலைவர், இது ஆட்டுத்தோல்கா. ஊதாமக் கிடந்தா உசிர் போயிரும்."

"போடியார் இந்தா வந்து காலில விழுவார், அண்ணே. வையுங்க."

"அவர் விழுறது கிடக்கட்டும். மழை விழப்போகுது, மனே."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உள்ளே வைத்தார். சாவி என் இடுப்பில்.

மழை விட்டபாடில்லை. வாவி ஏறிக் கொட்டிலுக்குள் முழங்கால் அளவு நின்றது. மூத்தவர் தோணியில் வந்து சாவி கேட்டார், மேலே தூக்கிக் கட்ட. ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறந்ததுதான் என்று நான் கொடுக்கவில்லை. ஒருவனும் சங்கத்தை மீறவில்லை. அப்படிக் கட்டுக்கோப்பான சங்கம் இந்தக் கரையில் பின்னால் வரவேயில்லை.

வெள்ளம் வடிந்து கதிர் முற்றியதும் போடியார் வந்தார். வண்டியில், ரயிலில் வந்திறங்கிய தாக்கத்திக் கட்டுகள்.

"உங்கட சங்கம் நல்லா இருக்கட்டும் ஓய். பிடி கழண்டாக் கொண்டு வாறன்."

அன்றே எல்லாரும் பழைய கூலிக்கு அடிக்கத் தயாரானார்கள். கொட்டிலைத் திறந்தேன். தோல் ஊறிப் புழுத்து, தொட்ட இடம் கையோடு வந்தது. மூத்தவர் தன் துருத்தியின் பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். புதுத் தோல் வாங்க யார் வீட்டிலும் நெல் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு நான் ஒருவன்தான் போயிருந்தேன்.

நான் விழுந்து கிடக்கிற ஆள் இல்லை. மனைவியின் காணியை ஈடு வைத்து, துருத்திக்குப் பதிலாக உலைக்குக் காற்று ஊத, கையால் சுற்றும் இரும்புக் காற்றாடி வாங்கினேன். இந்தக் கரையின் முதல் காற்றாடி என்னுடையது. ரயில் தாக்கத்திகளுக்குப் பிடி போடும் வேலையெல்லாம் என் கம்மாலைக்கே வந்தது. மற்ற உலைகள் மூளவில்லை.

அந்தக் காற்றாடியைச் சுற்றியவர் மூத்தவர்தான், தள்ளாமை வரும் வரை. விடிந்ததும் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "சுத்தட்டா, முதலாளி?" என்பார்.

தலைவர் என்று அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.