மறுபடி கேட்காத ஊர்

மெல்பர்னில் ஒருவர் வீட்டுக்குப் போய், தேநீர் வேண்டுமா என்று கேட்டால், "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உடனே கெட்டிலைக் கீழே வைத்துவிடுவார்கள். நம்மிடத்தில் முதல் "வேண்டாம்" மரியாதைக்கு. அதை யார் சட்டை செய்கிறார்கள்? நான் பிறந்து வளர்ந்த ரங்கூனில் இது இன்னும் ஒரு படி மேல். இரண்டு மூன்று முறை கேட்டால்தான் பர்மியர் வாயிலிருந்து உண்மை வரும். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசும் அந்தக் குணத்தை அவர்கள் 'ஆனாடே' என்பார்கள். தமிழில் சங்கோசம் என்று சொன்னால் பாதி வரும். ஆங்கிலத்தில் அந்தப் பாதிகூட வராது. வந்த புதிதில் எத்தனையோ வீடுகளிலிருந்து தொண்டை வறண்டு திரும்பியிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் இங்கே ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு கொடுக்கும் வேலை பார்த்தேன். ஒரு மதியம், துறைமுகத்திலிருந்து கூட்டிவந்த பர்மியக் கப்பல் தொழிலாளி ஒருவன் படுத்திருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கலாம். செவிடனிடம் கேட்பதுபோல டாக்டர், "பெயின்? பெயின்?" என்று கத்திக்கொண்டிருந்தார். அவன் சிரித்தபடி, "நோ பெயின், சார்" என்றான். அவன் படித்த காலத்தில் அங்கே பள்ளிகளில் ஆங்கிலத்தை ஓரங்கட்டிவிட்டார்கள். அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கப்பல் மாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. டாக்டர் அவனைத் திருப்பியனுப்பச் சீட்டு எழுத ஆரம்பித்தார். முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டிருந்தவன் நெற்றியில் வேர்வை வழிந்தது.

அவன் மொழி தெரிந்தும் நான் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பத்து வருடமாகப் பர்மிய மொழி பேசியதில்லை. அப்பாவின் கடையை அரசு எடுத்துக்கொண்டு எங்களைக் கப்பலேற்றியபோது, துறைமுகத்தில் அம்மாவின் தோட்டையும் கழற்றி வாங்கினார்கள். இனி அந்த மொழி என் நாக்கில் வராது என்று அன்றைக்குச் சபதம் செய்தேன். இந்தியரை அங்கே 'கலா' என்பார்கள். நாற்காலிக்கே அங்கே 'கலாத்தைங்' என்றுதான் பெயர், கலா உட்காருவது என்று அர்த்தம். சிறு வயதில் அதைச் சொல்லிச் சிரித்தோம். கடைசி வருடம் அதே 'கலா'வைத் தெருவில் எங்கள் மேல் துப்பினார்கள். எனக்கென்ன வந்தது என்று தட்டுகளோடு கதவு வரை போனேன். ஆனால் இவன் இப்படியே கப்பலேறினால் கரை சேரமாட்டான் என்று மனசு அடித்துக்கொண்டது. திரும்பினேன்.

"கூசாம சொல்லு தம்பி, ரொம்ப வலிக்குதா?" பர்மிய மொழி தானாக வந்தது.

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். "இல்லக்கா."

"நிஜமாவா?"

அவன் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு நாளா தாங்க முடியலக்கா. டாக்டருக்கு எவ்வளவு வேலை இருக்கும், பாவம்…"

டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "வலிக்குதாம்."

"இல்லைன்னு என்கிட்ட சொன்னானே! நீ என்ன மொழிபெயர்ப்பாளரா?"

"இல்ல, தட்டு எடுக்கிறவ. அவங்க முதல்ல இல்லைன்னுதான் சொல்லுவாங்க. மறுபடி கேக்கணும், டாக்டர்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் என்னை முறைத்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, அவனுடைய அடிவயிற்றின் வலப்பக்கத்தை அழுத்திக் கையை எடுத்தார். "அமே!" என்று அவன் போட்ட அலறலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அரை மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். அவனை விட்டுவிட்டுக் கப்பல் போயிருந்தது. என்னைக் கண்டதும் எழப் பார்த்தான், தையல் விடவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கக்கா, அந்தக் கலா…" என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் காது வரை சிவந்துவிட்டது.

"பரவாயில்ல தம்பி," என்றேன். "எனக்கு வலிக்கல."

"நிஜமாவாக்கா?"

இந்த ஊருக்கு வந்தபின் என்னிடம் எதையும் இரண்டாம் முறை கேட்டவன் அவன் ஒருவன்தான், என்னைத் துரத்திய நாட்டுக்காரன். அந்தக் கலாத்தைங்கில் உட்கார்ந்தேன். வலிக்கிறது என்று அவன் மொழியிலேயே சொன்னேன்.