விட்டுப்போன எழுத்து

குருநகரில் கடற்தொழில் செய்த ஒருவர், எண்பத்தேழாம் ஆண்டின் தொடக்கத்தில், கரையில் வலையை உதறிக்கொண்டு நின்றபடியே மணலில் சரிந்தார். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் மிஞ்சியது. காது கேட்கும், கண் தெரியும், நடப்பதெல்லாம் விளங்கும். ஆனால் கை கால் அசையாது, வாயில் ஒரு சொல் வராது. வலது கைப் பெருவிரல் மட்டும் மடங்கி நிமிரும்.

அது நடந்து இரண்டு வருடத்தின் பின், நான் மானிப்பாயில் ஒரு சிறிய தனியார் வகுப்பில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணினி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். லண்டனிலிருந்து என் அண்ணை அனுப்பிய, பாடக் கொப்பி அளவேயான ஒரு விசைப்பலகை. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் செருகவேண்டும். எழுதிய நிரலைப் பாட்டுக் கசெற்றில் பதிந்து வைக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்க வந்த அந்தக் குருநகர்க்காரரின் மனைவியை, அங்கிருந்த ஒரு தாதி என்னிடம் அனுப்பிவைத்தார்.

“தங்கச்சி, உந்தக் கொம்பியூட்டராலை இவரைக் கதைக்கவைக்கலாமெண்டு மிஸ் சொன்னவ. ஏலுமே?”

யோசிக்காமல் “ஓம் அக்கா, ஏலும்” என்றேன். அன்றிரவு கொப்பியை விரித்தபோதுதான் பயம் வந்தது. நான் படிப்பித்ததெல்லாம் பெருக்கல் வாய்பாட்டைத் திரையில் ஓடவிடும் விளையாட்டுகள்.

இரண்டு மாதம் எடுத்தது. திரையில் எழுத்து வரிசைகள் இருக்கும். ஒரு வெளிச்சக் கட்டம் ஒவ்வொரு வரிசையாக நகரும். அவர் பெருவிரலால் ஒரு பொத்தானை அமத்தினால் அந்த வரிசையில் நிற்கும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக நகரும். மறுபடி அமத்தினால் எழுத்து. மூன்றாவது அமத்தலில் அதற்கு இகர விசிறியோ எகரக் கொம்போ மெய்யெழுத்துப் புள்ளியோ சேரும். அந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் சதுரக் கொப்பியில் கட்டம் கட்டமாக நிரப்பி, எண்களாக மாற்றிக் கொடுத்தேன். நாமே வரைந்த எழுத்துகளுக்கு அது தந்த இடம் மிகக் குறைவு. ஏதாவது ஒன்றை விடவேண்டி வந்தது. ‘ங’வில் தொடங்கும் சொல்லே கிடையாதே என்று அதை விட்டேன். தண்ணீர், சோறு, நோகுது, போதும், நித்திரை என்று, ஒரு நோயாளிக்குத் தேவைப்படும் என்று நான் நினைத்த சொற்களையெல்லாம் எழுதிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தன.

பொத்தானை ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டியில் பொருத்தினேன். வீட்டு அழைப்புமணிக்குப் போடும் அதே பொத்தான்தான். அதிலிருந்து இரண்டு கம்பிகள் வால் மாதிரித் தொங்கின. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஒரு காலையில் புறப்பட்டேன். அப்போது ஊரெல்லாம் வெளிநாட்டுப் படை நின்றது. பட்டணத்துக்குப் போகும் வழியில் ஒரு சென்றி, அவர்களுடைய காவலரண். மண்மூட்டை அடுக்கி, குறுக்கே முள்ளுக்கம்பி போட்டிருந்தார்கள்.

பையைத் திறந்த சிப்பாய் சோப்புப் பெட்டியைக் கண்டதும் ஏதோ கத்தினான். அவ்வளவுதான். எல்லோரும் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். துவக்குகள் என்னைப் பார்த்தன. எனக்குப் பின்னால் சைக்கிளில் நின்ற சனம் வந்த வழியே திரும்பி மிதித்தது. நடுறோட்டில் நான் மட்டும். அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது. கையசைப்பில் விளங்கியது: அதை எடு, தள்ளிப் போ, அமத்து.

அது நானே செய்த பெட்டி. உள்ளே ஒரு பொத்தானும் இரண்டு கம்பியும் தவிர வேறொன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் விரல் போகவில்லை. இத்தனை பேர் பயந்து குனிந்து கிடக்கும்போது, எனக்குத் தெரியாமல் அதற்குள் ஏதோ இருக்கிறது என்றே எனக்கும் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு அமத்தினேன். டிக். இன்னொருமுறை. டிக்.

என்ன இது என்று ஒருவன் ஆங்கிலத்தில் கேட்டான். “பேஷன்ட், பேஷன்ட்” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. கடைசியில் நான் தாரில் மல்லாந்து படுத்தேன். சேலையோடு, நடுறோட்டில். கையையும் காலையும் செத்தது மாதிரிப் போட்டு, வாயை ஒரு பக்கம் கோணவைத்து, பெருவிரலால் மட்டும் பொத்தானை அமத்திக் காட்டினேன். முதுகு சுட்டது. எழும்பலாமா என்று கேட்கப் பயந்து அப்படியே கிடந்தேன். வயதான ஒரு சிப்பாய் வந்து குனிந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சோப்புப் பெட்டியைக் கத்தியால் பிளந்து உள்ளே பார்த்துவிட்டு, இரண்டு துண்டையும் என் கையில் தந்து போகச் சொன்னான்.

குருநகர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்கா என்னைக் குசினிக்குள் கூட்டிப் போய்த் தேநீர் தந்தார். நான் நடந்ததைச் சொல்லி முடித்தேன். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“தங்கச்சி, இது சரிவராமல் போனாலும் காரியமில்லை. நீங்கள் கவலைப்படாதேங்கோ.”

“ஏனக்கா அப்பிடிச் சொல்லுறியள்?”

“எனக்குப் பயமாய்க் கிடக்கு. இந்தப் படை வந்த வருசம் ஐப்பசியிலை ஷெல் அடிச்ச நேரம், நான் மூண்டு பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினனான். இவரைத் தூக்க ஒருத்தரும் இல்லை. வாயிலை ஈரத்துணியை வைச்சிட்டு, மாதாவின்ரை படத்தைப் பக்கத்திலை வைச்சிட்டுப் போனனான். ரெண்டு நாள் தங்கச்சி. திரும்பி வரேக்கை கண்ணைத் திறந்தபடி கிடந்தார். அண்டையிலையிருந்து நான் அவரின்ரை கண்ணைப் பாக்கிறேல்லை. கதைக்க வந்தால் அதைத்தான் முதல் கேப்பார்.”

ஒருவரைப் பேசவைப்பது நல்ல காரியம் என்பதற்கு மேல் நான் எதையும் யோசித்திருக்கவில்லை.

கணினியை அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் செருகினேன்; பிளந்த சோப்புப் பெட்டியை ரப்பர் பட்டியால் கட்டி, அவருடைய பெருவிரலுக்குக் கீழே வைத்தேன். அறைக்குள் அவர், நான், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா. விளக்கிச் சொன்னபோது அவர் கண்கள் திரையை விட்டு அசையவில்லை. முதலில் கட்டம் வேகமாக ஓடிப் போனது. விரல் போய்ச் சேரும்முன் எழுத்து தாண்டிவிடும். வேகத்தைப் பாதியாக்கினேன். பிறகு இன்னும் பாதி. கட்டம் நத்தை மாதிரி ஊர்ந்தது. அவர் அமத்தினார்.

ப.

“பாவி எண்டுதான் எழுதப்போறார்” என்று பின்னால் குரல் கேட்டது. அக்கா நிலைக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார். ஆனால் கட்டிலில் கிடந்தவர் அதைப் ‘பா’வாக்கும் காலைச் சேர்க்கவில்லை. வெறும் ‘ப’வாகவே விட்டார். கட்டம் அடுத்த எழுத்துக்காகச் சுற்றத் தொடங்கியது. ஒருமுறை, இரண்டுமுறை, ஆறுமுறை. விரல் அசையவில்லை. நெற்றியில் வியர்த்தது. கண்ணோரத்தில் நீர் இறங்கியது. களைத்துவிட்டாரா, இல்லை எழுத்துகள் மறந்துவிட்டனவா என்று தெரியவில்லை. எழுத்தை அழிக்கும் இடத்துக்குக் கட்டம் வந்தது. அதையும் அவர் தொடவில்லை. எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது.

“அண்ணை, உங்களுக்கு வேண்டிய எழுத்து இதிலை இல்லையே?” என்று கேட்டேன். “இல்லையெண்டால் ஒருக்கால் அமத்துங்கோ.”

டிக்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள், நாங்கள், இங்கே, சங்கு. சொல்லின் தொடக்கத்தில்தான் ‘ங’ இல்லை. சொல்லுக்குள் எங்கே பார்த்தாலும் அது இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறுமுறை நான் சொல்லும் எழுத்து. நோயாளி கேட்பார் என்று நான் முடிவுசெய்த ஐந்து சொற்களில் அது இல்லை என்பதற்காக அந்த மனிதரின் வாயிலிருந்து அதைப் பிடுங்கியிருக்கிறேன்.

மாலை நாலரை. ஆறு மணிக்கு ஊரடங்கு. மின்சாரம் வேறு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. கசெற்றில் பதியும்முன் நின்றால் அன்றைய வேலை முழுவதும் போய்விடும். கொப்பியை மடியில் வைத்து ‘ங’வை வரைந்தேன். இரண்டுமுறை பிழைத்தது. யாருக்கும் அதிகம் தேவைப்படாத ‘ஔ’வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ங’வைச் செருகினேன். மின்குமிழ் ஒருமுறை மங்கியது. மறுபடி பிரகாசமானது.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ப. ங். க. ர். பிறகு சற்று ஓய்வு. பிறகு வெ, ட், டு.

பங்கர் வெட்டு.

நான் வாசித்துச் சொன்னேன். அக்கா நிலைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அந்த மனிதர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். ‘கட்டில் போகவேணும்’ என்று முடிக்க இருபது நிமிடம் பிடித்தது. கட்டில் உள்ளே போகிற அளவுக்குப் பதுங்குகுழி. அடுத்தமுறை ஷெல் அடித்தால் தானும் உள்ளே இருக்கவேண்டும். அந்த ஷெல்லடி நடந்து இரண்டு வருடமாகப் போகிறது. இதைத்தான் அந்த மனிதர் தலைக்குள் வைத்துக்கொண்டு கிடந்தார்.

அக்கா கட்டிலடியில் குந்தி, அன்றைக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். “இஞ்சருங்கோ, அண்டைக்கு நான் விட்டிட்டு ஓடினது…” என்று தொடங்கி முடிக்கமுடியாமல் நின்றார். கட்டம் நகர்ந்தது. அவர் எழுதினார்: தெரியும்.

அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்றா, மறக்கவில்லை என்றா, அக்காவுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. ஊரடங்குக்கு நேரமாகிவிட்டதால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கணினியையும் பெட்டியையும் அவரிடமே விட்டுவிட்டேன்; திரும்பிப் போகும்போது சென்றியில் அவற்றைக் காட்டத் தைரியமில்லை.

குருநகரில் மூன்றடிக்குக் கீழே தோண்டினால் உப்புத்தண்ணீர் ஊறும். அதனால் பாதி நிலத்துக்குள்ளும் பாதி மேலேயுமாகக் கட்டினார்கள். பனங்குற்றி, மேலே மண்மூட்டை. படிக்குப் பதில் சரிவு. வாசல் எத்தனை அடி அகலம், எந்தப் பக்கம் பார்த்திருக்கவேண்டும் என்பதையெல்லாம் அவரே எழுதி எழுதிச் சொன்னாராம். அவர் முன்பு தொழில் செய்த படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியின் ஆட்கள் நாலுபேர் வந்து வேலை செய்தார்கள். படுத்திருக்கிறவர் வேலை ஏவுகிறார் என்று ஒருவன் பகிடி விட்டானாம்.

அடுத்த வருடம் வெளிநாட்டுப் படை போனது. சில மாதங்களில் மறுபடி சண்டை தொடங்கியது. மின்சாரம் அடியோடு நின்றது. விமானங்கள் குருநகர்ப் பக்கமே குண்டு போட்டன. மானிப்பாயில் இருந்தபடி அந்தப் பக்கத்துப் புகையைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சரிவில் கட்டில் இறங்கியிருக்குமா என்று நான் நடுங்காத நாளில்லை. அவர்கள் உயிரோடு கொடிகாமத்தில் ஒரு உறவினர் வீட்டில் இருக்கிறார்கள் என்று தாதி சொல்லித்தான் அறிந்தேன். அன்றே போனேன்.

அவர் ஒரு கொட்டிலில் மெலிந்து கிடந்தார். கணினி குருநகரிலேயே போய்விட்டது. அக்கா திரையில் இருந்த வரிசைகளை ஒரு மட்டையில் கரியால் எழுதிவைத்திருந்தார். வரிசை வரிசையாக வாசிப்பார். வேண்டிய எழுத்து வந்ததும் கணவர் பெருவிரலால் அக்காவின் உள்ளங்கையில் தட்டுவார்.

“ரெண்டு நாள் பங்கருக்கைதான் இருந்தனாங்கள்” என்றார் அக்கா. “பக்கத்து வீட்டிலை குண்டு விழுந்த நேரம் இவர் என்ரை கையிலை தட்டத் தொடங்கினார். கடைசிச் சொல்லைத்தான் சொல்லப்போறார் எண்டு நான் அழுது அழுது வாசிக்கிறன். மூ எண்டார், த் எண்டார். பாத்தால், மூத்திரம் வருதாம்!”

மூவரும் சிரித்தோம். அவர் சிரித்தால் கண் மட்டும் சுருங்கும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தெற்கே விமானச் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றது. சத்தம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் இன்னும் பங்கர் வெட்டவில்லை. சத்தம் கொஞ்சம் விலகியதும் அக்கா எழும்பி மண்வெட்டியை எடுத்தார்.

“வாங்கோ தங்கச்சி” என்றார். “கட்டிலின்ரை அகலத்தைப் பிடிச்சு அளப்பம்.”