தலைவர் தலைவலியான கதை

தவமணி அண்ணன் போய்விட்டார். இன்று காலை, ஈப்போவில்.

வாட்ஸ்ஆப் முழுக்க அவர் படம்தான். எல்லாரும் அவருடைய அந்தப் பழைய செய்தித் தலைப்பைப் போட்டு, துணிச்சல்காரர் என்று எழுதுகிறார்கள். "தோட்ட மக்களுக்கு ஒரு தலைவலி."

அழுதுகொண்டிருந்த நான் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அந்தத் தலைப்பு அண்ணனுடையது இல்லை... என்னுடையது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் பத்திரிகை நிருபர், எழுத்தாளர். அவர் பேரைக் கேட்டாலே பாதி ஊருக்கு ஆகாது. ஆனால் அந்தப் பாதியும் காலையில் பேப்பரை எடுத்தால் முதலில் அவர் எழுதியதைத்தான் தேடும்.

நான் அப்போது அந்தப் பத்திரிகையின் ஈப்போ ஆபீஸில் டைப்பிஸ்ட். சேர்ந்து நாலு மாதம். அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டதால் அவருக்கு வேலை போயிருந்தது. வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது.

ஒருநாள் ஃபேக்ஸ் மெஷின் படுத்துவிட்டது. அண்ணன் தாப்பா ஊரில் ஒரு கடையிலிருந்து போன் போட்டு, செய்தியை வாயாலேயே சொன்னார். பக்கத்தில் பஸ் இரைச்சல் வேறு.

தலைப்பு சரியாகக் கேட்கவில்லை என்றேன். அவர் கத்தினார். "தோட்ட மக்களுக்கு ஒரு தலைவர்லா... தலைவர்லா!"

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வும் சேர்ந்து என் காதில் விழுந்தது தலைவலி. அண்ணன் எழுதுகிற லட்சணத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. அடித்துவிட்டேன். ப்ரூஃப் பார்த்தவரும் தவமணி வேலையைக் காட்டிவிட்டான் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

செய்தியில் இருந்த அந்த உள்ளூர்த் தலைவர் ஒரு தோட்டத்துக்கு அலைந்து திரிந்து தண்ணீர்க் குழாய் வாங்கிக் கொடுத்திருந்தார். அண்ணன் ஒரு மனிதரை மனதாரப் பாராட்டி எழுதியது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தடவைதான். தலைப்பைப் பார்த்தவர்கள் கீழே இருந்த பாராட்டையெல்லாம் கிண்டல் என்றே படித்தார்கள்!

மறுநாள் தலைவரின் ஆட்கள் ஆபீஸ் வாசலில் பேப்பரைக் கொளுத்தினார்கள். ஆசிரியர் எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, யார் வேலை இது என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நாந்தான் குடுத்தேன். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். தண்டனையாகத் தெலுக் இந்தான் கிளைக்கு மாற்றினார்கள். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. நேரில் போய், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். அங்கே மீன் நல்லா கிடைக்குது, கெடுத்துவிடாதே என்று அனுப்பிவிட்டார்.

அங்கே போய்ச் சும்மா இருந்தாரா... தோட்டம் தோட்டமாக அலைந்து ஒரு புத்தகம் எழுதினார். வெள்ளைக்காரன் மட்டுமில்லை, ஆள் பிடித்து வந்த நம் கங்காணிகளும் நம்மை ஏய்த்தார்கள் என்று பேர் பேராக.

வெளியீட்டு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் யாரும் வரவில்லை. முன்வரிசை காலி. அண்ணன் பின்னால் இருந்த தோட்டத்து அக்காமார்களைக் கூட்டிவந்து விஐபி நாற்காலியில் உட்காரவைத்தார்.

நடுவில் ஒருத்தர் எழுந்து சண்டைக்கு வந்தார். "ஒன் தாத்தாவும் கங்காணிதானே, அவர் பேர ஏன் போடல?"

முதல் பேரே அவருடையதுதான், வாங்கிப் படியுங்கள் என்றார் அண்ணன். சண்டைக்கு வந்தவர் இரண்டு பிரதி வாங்கினார்.

போன மாதம் பார்க்கப் போனேன். உடம்பு பாதியாகிவிட்டது. வாய் மட்டும் அப்படியே இருந்தது. அந்தத் தலைப்பைப் பற்றி அவரே பேச்செடுத்தார்.

"நா போனப்பொறம் அந்த மனுசன்கிட்ட சொல்லிரு விஜி, பாராட்டித்தான் எழுதுனேன்னு. இருக்குறப்ப சொன்னா என் பேரு கெட்டுரும்லா."

தலைவர் ஐயா, நீங்களும் இப்போது பேஸ்புக்கில் இருக்கிறீர்கள் என்று தெரியும். பழைய பேப்பர் கிடைத்தால் தலைப்பை விட்டுவிட்டுக் கீழே படியுங்கள். அத்தனையும் நிஜம்.

சொல்லிட்டேன் அண்ணே. உங்க பேரு கெட்டுப்போச்சு... போயிட்டு வாங்க.