ஐஸில் வைத்த ரத்தம்

என் அத்தை, அப்பாவின் தங்கை, கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். சிட்லபாக்கத்தில் எங்களோடு தங்கி, தினமும் சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலேறிக் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போவார். எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியாத கிருமிகளை அங்கே வளர்த்தார்கள். ஊரெல்லாம் ஒழிக்கப் பார்ப்பதை இவர் ஏன் வளர்க்கிறார் என்பது அம்மாவின் நெடுநாள் சந்தேகம்.

மருந்து தோற்ற இடத்தில் மனித ரத்தம் ஜெயிக்கிறதா என்று பார்ப்பதுதான் அத்தையின் வேலை. ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரில் சில புரதங்கள் உண்டு. அவை கிருமியின் மேல்தோலில் ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். சூடு பட்டால் அவை ஒன்றுக்கும் உதவாது, அதனால் ரத்தத்தை ஐஸில் வைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை அத்தை எனக்குச் சொல்லவில்லை.

சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிடாதவர்களின் ரத்தம்தான் வேண்டுமாம். தும்மினாலே மெடிக்கல் ஷாப்பில் இரண்டு கேப்ஸ்யூல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் அம்மா முதல் சுற்றிலேயே வெளியேறினார். அப்பா மாத்திரையைத் தொட்டதே இல்லை. எதற்கும் வெந்நீர்தான். தன் உடம்பைப் பற்றி அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தெருமுனை லேப்பிலிருந்து வந்த அக்கா ஊசி குத்தியபோது, கிருமிகளுக்காகப் பரிதாபப்படுகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயை ஐஸ் டப்பாவில் வைத்துவிட்டு அத்தை குளிக்கப் போனார். எங்கள் வீட்டில் ஐஸ் என்றால் சளி. ஃப்ரிட்ஜ் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதரின் ரத்தம் ஐஸில் கிடந்தால் என்னத்துக்கு ஆகும்? அடுப்பில் இருந்த வெந்நீரை டம்ளரில் ஊற்றி, குழாயை அதற்குள் நிறுத்தினேன். ஆற ஆற மாற்றினேன். பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் துடைத்து டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் சாப்பிடும்போது அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருடைய தோழிகள் நாலு பேர் ரத்தமும் கிருமிகளைத் தீர்த்துக்கட்டிவிட்டது. அப்பாவின் ரத்தத்தில் எதுவும் சாகவில்லை. எங்கேயோ தப்பு நடந்திருக்கும், மறுபடி பார்க்கலாம் என்றார். அப்பா சிரித்தார், ஆனால் தட்டில் பாதிச் சாதம் அப்படியே இருந்தது. அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அத்தைமேல்தான் கோபம்.

சனிக்கிழமை அத்தை அவரைக் கல்லூரிக்கே கூட்டிப்போய் மறுபடி ரத்தம் எடுத்தார். முடிவு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"அண்ணா, எல்லாம் செத்துடுச்சு. உன் ரத்தம் நல்லாத்தான் இருக்கு."

"நீ என் தங்கச்சி. வேற எப்படிச் சொல்லுவ?" என்றார் அப்பா.

மழைக்காலத்தின் முதல் தும்மலுக்கே அவர் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கேப்ஸ்யூல், மூக்கு ஒழுகுவது நின்றதும் நிறுத்தம், அடுத்த தும்மலுக்கு மறுபடி. வெறும் சளிக்கு அது வேண்டாம், இப்படிப் போட்டுப் போட்டுத்தான் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகின்றன என்று அத்தை மன்றாடினார். கடைசியில் கண் கலங்கி என் பக்கம் திரும்பினார்.

"நீயாவது சொல்லேன் உங்கப்பாகிட்ட."

நான் சொல்லவில்லை. அத்தை பொய் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவ்வளவு நேரம் வெந்நீரில் வைத்தே தேறாத ரத்தம், நான் பக்கத்தில் இல்லாதபோது ஐஸில் கிடந்து எப்படி ஜெயித்திருக்கும்?