கறுப்பு சீல்

முப்பத்தைந்து, ஐம்பத்திரண்டு, ஏழு. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். இந்த மூன்றும் தெரிந்தால் திருப்பூரில் எந்த மெஷினுக்கும் ஆயில் சீல் எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு மண்டைக்கனம். கடை வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டதல்லவா? பழைய சீலைக் கையில் வாங்கியதுமே அளவு சொல்லி ஆட்களை அசத்துவேன்.

சுழலும் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்து, உள்ளே இருக்கும் எண்ணெயை வெளியே விடாமல் பிடிக்கிற ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். ஷாஃப்டைத் தொடும் அதன் உள்விளிம்பை உதடு என்போம். சாதாரண கியர் பாக்ஸுக்கு ஒற்றை உதடு போதும். பஞ்சு பறக்கும் நிட்டிங் மெஷினுக்கு, தூசியைத் தடுக்க இன்னொரு உதடு வேண்டும். துணியைச் சூட்டில் அழுத்தி எடுக்கும் கம்பேக்டிங் மெஷினுக்கோ கறுப்பு ரப்பர் ஆகவே ஆகாது. சூடு தாங்கும் பழுப்பு நிற சீல்தான். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆனால் இங்கே யாரும் வகை சொல்லிக் கேட்பதில்லை. பழைய சீலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்பார்கள். ஒருநாள் ஒரு ஃபிட்டரும் அப்படித்தான் வந்தார். அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு கம்பேக்டிங் கம்பெனியில் வேலை. மடத்துக்குளத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். அவர் நீட்டிய சீல் முழுக்கக் கருகிய எண்ணெய். நான் ஃபோனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தொட்டதுமே அளவு தெரிந்துவிட்டது. துடைத்துக்கூடப் பார்க்காமல் பழையதைக் கழிவு டப்பாவில் வீசிவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் திரும்ப வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. சீல் ஒழுகி, ஏற்றுமதிக்குப் போக வேண்டிய வெள்ளைத் துணியெல்லாம் எண்ணெய்க் கறையாம். மாட்டத் தெரியாத ஆள் என்று முதலாளி வேலையை விட்டே நிறுத்திவிட்டாராம்.

"ஏனுங்க, நான் மாட்டுனதுல எங்க தப்புன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று ஒழுகிய சீலை என் கையில் வைத்தார்.

மாட்டியதில் ஒரு குறையும் இல்லை. சுத்தியல் பட்ட தடம்கூட இல்லை. உதடுதான் அப்பளம் மாதிரி விறைத்து வெடித்திருந்தது. டப்பாவைக் கவிழ்த்துப் பழைய சீலைத் தேடி எடுத்து, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். பழுப்பு நிறம் வெளியே வந்தது. நான் எடுத்துக் கொடுத்திருந்ததோ கறுப்பு.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் கம்பெனி எனக்குப் பெரிய வாடிக்கை. அந்த நினைப்பு வரவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் மனிதர் தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. பழுப்பு சீல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவரை வண்டியில் ஏற்றிக் கம்பெனிக்குப் போனேன்.

"தப்பு என்னோடதுங்க. சூட்டுக்கு ஆகாத சீலைக் குடுத்துட்டேனுங்க" என்றேன் முதலாளியிடம். வாங்கிக் கட்டிக்கொண்டேன். இனிமேல் என் கடைப் பக்கமே ஆள் வராது என்றும் சொல்லிவிட்டார். பிறகு ஃபிட்டரைப் பார்த்து, "நீங்க போயி மெஷினப் பாருங்க" என்றார்.

மெஷினை நோக்கி நடக்கும்போது ஃபிட்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். பதறிப்போனார்.

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. கறுப்பா இருக்குதேன்னு எனக்கும் அன்னைக்கே ஒரு சந்தேகந்தானுங்க. திருப்பிக் கேட்டா உங்களை நம்பாத மாதிரி ஆயிருமேன்னு மாட்டிட்டேனுங்க."

முதலாளி அத்தனை திட்டியும் உறைக்காதது எனக்கு அப்போதுதான் சுருக்கென்று உறைத்தது.